எப்போதும்வென்றான் தோற்ற கதை

தாமிரபரணிக்குத் தெற்கே பஸ் ஏறுகிற யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்த நிமிடத்திலிருந்து ஊர்ப்பெயர்தான் ஆளின் பெயர். "மூக்குப்பீறி யாரு? மூக்குப்பீறி முன்னால வாங்க!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தால், கல்வைத்த மூக்குத்தி மினுங்க ஒரு பாட்டி கூடையோடு எழுந்து வருவார். "பேய்க்குளம் ரெண்டும் எறங்கியாச்சா?" என்றால், கல்யாணப் பட்டு இன்னும் கசங்காத ஜோடி ஒன்று வெட்கத்தோடு தலையாட்டும். "ஏலே பூச்சிக்காடு, படியில தொங்காத, உள்ள ஏறு!" என்றால் பாலிடெக்னிக் பையன் ஒருவன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே நகர்வான். "படுக்கப்பத்து எப்பண்ணே வரும்?" என்று கேட்டவர், பதில் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கி ஊர்ப்பெயரைக் காப்பாற்றினார்.

இவ்வளவு நடந்தும் பஸ்ஸில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. நான் ஒருவன்தான் குலுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த மைத்துனன் கவலையோடு, "என்னத்தான், வயித்துக்கு ஒத்துக்கலியா?" என்றான்.

என் மனைவி பிறந்த சீமை இது. மாப்பிள்ளை என்ற முறையில் எனக்கு இங்கே சாப்பிட உரிமை உண்டு. சிரிப்பதற்கு யாரும் அனுமதி கொடுத்ததில்லை.

1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தின் இந்தத் தென்மூலையில், வேதாகமமும் பேய்க்கதையும் ஒரே பஸ் ரூட்டில் வரும். புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியவர்களுக்கென்று 1799இல் உண்டான முதல் குடியிருப்புக்கு முதலூர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று ஒவ்வொன்றாக வந்தன. சாயர் என்ற வணிகர் வாங்கித்தந்த நிலத்தில் சாயர்புரம் எழுந்தது. திருக்குறளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஜி.யு. போப் அங்கே பள்ளிக்கூடம் நடத்தினார். இத்தனைக்கும் நடுவே பேய்க்குளமும் சாத்தான்குளமும் யாருக்கும் பயப்படாமல் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நாசரேத்தில் காலை ஆராதனையை முடித்துவிட்டு, சாத்தான்குளத்தில் மதியச் சாப்பாட்டுக்கு இலை போட்டு உட்காருகிற வசதி உலகத்தில் வேறு யாருக்கு வாய்க்கும்? போகிற வழியில் சோதனை என்று ஏதாவது வந்தால் அது முதலூர் மஸ்கோத் அல்வாவாகத்தான் இருக்கும். தேங்காய்ப்பாலில் கிண்டுவது. அந்தச் சோதனையை ஜெயிக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

மொழிப் பிரச்சினையையும் இந்தப் பக்கம் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். காயாமொழி, குதிரைமொழி, மாவட்ட எல்லையைத் தாண்டினால் இட்டமொழி. ஆக மும்மொழி. மறியல் இல்லை, தீர்மானம் இல்லை, எல்லாவற்றுக்கும் பஸ் உண்டு. காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942இல் 'தினத்தந்தி'யைத் தொடங்கி, தமிழ்நாட்டு டீக்கடைகளையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தார். குதிரைமொழியில் மட்டும் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அங்கே இருப்பது தேரி.

தேரி என்றால் செம்மணல் மேடு. கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே வந்ததும், இரும்புச்சத்தால் சிவந்த மணல் கண்ணுக்கு எட்டிய வரை குவிந்து கிடக்கிறது. நடுநடுவே பனை, உடைமரம், கொல்லாமரம். ஆடிக் காற்று அடித்தால் மணல் இடம்பெயரும், நேற்றைய தடம் இன்றைக்கு இருக்காது. பட்டணத்துக்காரர்கள் கையில் இது கிடைத்திருந்தால் 'டியூன் வாக்' என்று போர்டு மாட்டி, தலைக்கு இத்தனை என்று வாங்கிக்கொண்டு, திரும்பும்போது ஒரு தொப்பியும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இங்கே இலவசம் என்பதால், விடிந்ததும் ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். சிறிது நேரத்தில் ஷூவுக்குள் காலைவிட மணல் அதிகமாகிவிட்டது. எதிரே ஆடு பத்திக்கொண்டு வெறுங்காலோடு வந்த ஆச்சி ஒருவர், மேட்டில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா தொலைச்சிய?"

"ஒண்ணும் தொலைக்கல ஆச்சி. சும்மா நடக்கேன்."

"சும்மாவா?" ஆச்சி ஆடுகளைப் பார்த்தார். ஆடுகள் என்னைப் பார்த்தன. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்ல ஏதும் சண்டையாய்யா?" என்றார்.

இதே தேரிக்குள்தான் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. சுற்றிலும் வறண்ட மணல், நடுவில் சுனை. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட எங்கெங்கோ பிழைக்கப் போன குடும்பங்களெல்லாம் திரும்பி வந்து பொங்கலிடும். அன்றைக்கு மட்டும், தேரியில் நடப்பதற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து பறவை பார்க்கக் கிளம்பினோம். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். அரசாங்கம் 1994இல் அதைச் சரணாலயம் என்று அறிவித்தது. ஊர்க்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அறிவித்துவிட்டு, தீபாவளிக்கு வெடி போடுவதையும் நிறுத்திவிட்டிருந்தார்கள். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் குளத்து மரங்கள் போதாமல் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டியிருக்கும். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பிள்ளைகள் மாதிரி என்று ஊரில் சொல்கிறார்கள். விரட்ட முடியாது, வெயிலில் கீழே விழுந்த குஞ்சுக்குச் சாப்பாடு கொடுக்காமலும் இருக்க முடியாது.

நான் பைனாகுலரைக் குளத்துக்கு நேராகப் பிடித்து, இமையை இடுக்கி, திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மாள், "அண்ணாச்சி, அங்கன எதுக்குத் தேடுதிய? ஒங்க உச்சிக்கு மேல பாருங்க" என்றார். அண்ணாந்தேன். நாரையும் என்னைப் பார்த்தது. அதன் பிறகு என் தலையில் விழுந்த பொருளுக்கு இந்த வட்டாரத்தில் நல்ல மரியாதை. எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரம் தேடவேண்டாம் என்பார்கள். "நல்லதுதான் அண்ணாச்சி, செழிச்சு வளரும்" என்று அந்த அம்மாள் ஆறுதல் சொன்னார். என் தலையில் இனி வளர்வதற்கு என்ன பாக்கியிருக்கிறது என்று மைத்துனன் எட்டிப் பார்த்தான்.

வல்லநாட்டில் வெளிமான் இருக்கிறது. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுதான். 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான மலையும் முள்காடும் சரணாலயம். மானின் நிறமும் பாறையின் நிறமும் பங்காளிகள் என்பதால், நின்றுகொண்டிருக்கிற மானைக் கண்டுபிடிக்க அது ஓடவேண்டும். ரோட்டோர டீக்கடையில், "மான் கண்ணுல படுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே, "பக்கத்து ஊரு பேரு தெரியும்லா? தெய்வச்செயல்புரம்" என்றார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மணப்பாட்டில் கடல். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து தங்கிய குகை கடலோரப் பாறையில் இருக்கிறது. இப்போது வருகிறவர்கள் பட்டம் கட்டிய பலகையில் ஏறி அலைமேல் பறக்கிறார்கள். ஒருவர் பறந்தார், விழுந்தார், எழுந்து மறுபடி பறந்து மறுபடி விழுந்தார். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், "இதுக்குத் துட்டு வேற குடுக்காவளாம்யா" என்றார். ஊசியை ஒரு கண்ணிக்குள் விட்டு இழுத்து முடிச்சுப் போட்டபின், "கடல்ல விழாம இருக்கத்தான் நாங்க இம்புட்டுச் செலவு பண்ணுதோம்" என்று முடித்தார்.

ஆக, ஊருக்கு வந்தவன் விளையாட்டு என்று நினைக்கிற எதையும் ஊர்க்காரர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பகலில் மண்டபத்துக் கல்லில் ஆடுபுலி ஆடுகிறார்கள். 3 புலி, 15 ஆடு. புலிக்கு சோடா மூடி, ஆட்டுக்குப் புளியங்கொட்டை. ஆடு வெட்டுப்படுகிறபோது எழுகிற சத்தத்தைக் கேட்டால் சொத்துத் தகராறு என்றுதான் நினைக்கத் தோன்றும். ராத்திரியானால் கபடி.

கொடை விழாவையொட்டி ஒரு ஊரில் கபடிப் போட்டி. செம்மண்ணைச் சலித்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். சவுக்குக் கம்புகளில் டியூப்லைட். ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து எப்போதும்வென்றான் பையன்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கடைசி நிமிடத்தில் அவர்கள் பக்கத்திலிருந்து ஒல்லியான பையன் ஒருவன் பாடிப் போனான். 30 விநாடிக்குள் தொட்டுவிட்டுத் திரும்பவேண்டும். தொட்டும்விட்டான். திரும்புகையில் ஒருவன் கணுக்காலைப் பிடிக்க, இன்னொருவன் இடுப்பில் விழ, பையன் நெஞ்சால் மண்ணை உழுதுகொண்டு நடுக்கோட்டுக்குக் கையை நீட்டினான். நடுவர் குனிந்து அவன் விரல் நுனியில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். செம்மண்தான் ஒட்டியிருந்தது.

மைக் உயிர்பெற்றது. "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! கடுமையான போராட்டத்துக்குப் பின் எப்போதும்வென்றான் தோல்வி! எப்போதும்வென்றான் தோல்வி! அடுத்த ஆட்டத்துக்குப் படுக்கப்பத்து உடனடியாக எழுந்து மைதானத்துக்கு வரவும்! பேய்க்குளம் தயார் நிலையில் இருக்கவும்!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சுற்றிலும் இருந்தவர்கள் துக்க வீட்டில் இருந்தார்கள். மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஒரு வெரக்கடை அத்தான். ஒரே வெரக்கடை" என்றான்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு வேடிக்கையான வாக்கியம் தெரிகிறது. அவனுக்கு முழங்கையெல்லாம் சிராய்த்து உட்கார்ந்திருக்கிற 7 பையன்கள் தெரிகிறார்கள். இந்த மாவட்டத்தில் ஊர்ப்பெயர் வழிகாட்டிப் பலகையில் இருப்பதைவிட பனியனின் முதுகில்தான் அதிகம் இருக்கிறது. 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கிய கபடி வீரரை மணத்தி கணேசன் என்றால்தான் இங்கே தெரியும். மணத்தி அவர் ஊர். அவர் வாழ்க்கையின் சாயலில்தான் 2025இல் மாரி செல்வராஜ் 'பைசன்' எடுத்தார். ஒருவன் ஓடி, விழுந்து, எழுந்து வாங்கிக்கொடுத்த பெயரைப் பார்த்து அந்த ஊரில் யாருக்குச் சிரிப்பு வரும்?

இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது விழாக்குழுப் பெரியவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்துவிட்டார். வெளியூர் மாப்பிள்ளை தப்பிக்க முடியாது. 500 ரூபாயை எடுத்தேன்.

"எந்தூரு எழுத?"

"சென்னை."

"சென்னை பெருசுல்லா. அதுல எந்தூரு?"

"ஆயிரம் விளக்கு."

பேனா நின்றது. பெரியவர் திரும்பிப் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். "எலேய், இவுக ஊரு ஆயிரம் விளக்காம்ல."

"அத்தனையும் எரியுதாமா?"

"கரண்டு பில்லு யாரு கெட்டுதாவ?"

"அது வந்து, மசூதியில அந்தக் காலத்துல ஆயிரம் விளக்கு ஏத்தினாங்க..." என்று ஆரம்பித்தேன். கேட்பதற்கு ஒருவரும் இல்லை. பேய்க்குளத்துக்காரர் ஒருவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருக்குப் புரையேறியதும் பூச்சிக்காட்டுக்காரர் தலையில் தட்டினார். தோற்றுப்போன எப்போதும்வென்றான் பையன்கள்கூட வேனில் ஏறாமல் நின்று என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். மைத்துனன் மாப்பிள்ளை மரியாதையை மறந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

மைக் விடவில்லை. "ஆயிரம் விளக்கு மாப்பிள்ளை அவர்கள் அன்போடு வழங்கிய நன்கொடை ரூபாய் 500! ஆயிரம் விளக்குக்கு நமது விழாக்குழுவின் நன்றி! நன்றி! நன்றி!"

எழுந்து நின்று கும்பிட்டேன். படுக்கப்பத்துக்காரன் ஒருவன் அதற்குள் பாட ஆரம்பித்துவிட்டான். பின்வரிசையிலிருந்து ஒரு பொடியன் கத்தினான்: "ஏ ஆயிரம் விளக்கு, உக்காரும்! ஆட்டம் மறைக்குது!"

உட்கார்ந்தேன்.