கதைத்தவர்களும் கத்தியவர்களும்

புத்தளத்துக் கரைக்கு வந்துபோன வெளிநாட்டாரை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். காற்று தவறிக் கரை ஒதுங்கியவர்கள் ஒரு கட்சி, திட்டம் போட்டுச் சாமான் சக்கட்டோடு வந்தவர்கள் மறு கட்சி. ஒதுங்கியவர்கள் ஊராரோடு கதைத்தார்கள். திட்டம் போட்டு வந்தவர்கள் அறிவித்தார்கள். சரித்திர ஆசிரியர்கள் இந்தப் பிரிவினையை ஒத்துக்கொள்ளப் போவதில்லை. அவர்களில் பாதிப்பேரும் அறிவிக்கிற கட்சிதான்.

முதலில் ஒதுங்கியவன் ஒரு வரிக்காரனின் ஆள். ரோமாபுரியில் கிளாடியஸ் ஆண்ட காலம். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார் அன்னியஸ் புளோகாமஸ் என்பவர். அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போகையில், வடகாற்று அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி, 15ஆம் நாள் இலங்கையில் ஹிப்புரோஸ் என்ற துறையில் இறக்கிவிட்டது. இந்தக் கதையை எழுதிய பிளினி முதலாளியின் பெயரைக் குறித்துவைத்தார், வந்தவனின் பெயரை விட்டுவிட்டார். ஹிப்புரோஸ் நம்முடைய குதிரைமலைதான் என்பது பலருடைய வாதம். அல்லி ராணி அரசாண்டாள் என்று ஊரில் சொல்கிற அதே குதிரைமலை. வரிக்காரனின் ஆள் ஆண்களை அண்டவிடாத அந்த அல்லி முன்னால் போய் நின்றிருந்தால் கதை முதல் வரியிலேயே முடிந்திருக்கும்.

நல்லகாலம், அவனுக்கு வாய்த்தது ஒரு ராஜா. 6 மாதம் விருந்தாளியாக இருந்து ஊர்ப் பாஷையைப் படித்தான். பிறகு ராஜா கேட்கக் கேட்க ரோமாபுரியைப் பற்றிச் சொன்னான். அவனுடைய பேச்சைவிட அவனிடம் இருந்த காசுதான் ராஜாவை அசத்தியது. ஒவ்வொரு காசிலும் ஒவ்வொரு சக்கரவர்த்தியின் தலை, எடை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று. ஆட்சி மாறியும் காசு இளைக்காத நாடு ஒன்று உண்டா என்று ராஜா வியந்தாராம். இலங்கை ரூபாயோடு வாழ்கிறவர்களுக்கு அந்த வியப்பை விளக்கத் தேவையில்லை. அந்தக் கதையின் பலனாக ரோமாபுரிக்கு 4 தூதர்கள் புறப்பட்டார்கள்.

அடுத்தவர் பெரிய புள்ளி, இப்னு பதூதா. இவர் இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்தவர். மாலைதீவில் காதியாக இருந்தபோது கட்டளைக்கு மேல் கட்டளை போட்டார். பெண்கள் மேலாடை உடுத்த வேண்டும் என்றும் அறிவித்தார். வழக்குக்கு வந்த பெண்கள் அவருக்கு முன்னால் மட்டும் உடுத்திக்கொண்டார்கள், மற்றபடி தீவு தன் பாட்டில் இருந்தது. தன் பாச்சா பலிக்கவில்லை என்பதை மனுஷன் தன் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார். அங்கிருந்து தமிழ்க்கரைக்குப் புறப்பட்டவரை 1344இல் காற்று புத்தளத்துக்குத் தள்ளியது. மாலுமிக்குக் கை கால் நடுக்கம். இந்தக் கரையை ஆளும் ஆரியச் சக்கரவர்த்தியின் கப்பல்கள் கடற்கொள்ளைக்குப் பெயர் போனவை. பதூதாவோ, “என்னை இறக்கிவிடு, நான் பேசிக்கொள்கிறேன்” என்கிற தோரணையில் இறங்கினார்.

சக்கரவர்த்திக்குப் பாரசீகம் தெரிந்திருந்தது, கதை பிடித்துக்கொண்டது. 3 நாள் உபசாரம். சலாபத்தில் குளித்தெடுத்த முத்துக்களை அதிகாரிகள் முன்னால் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருக்க, இப்படி வேறெங்காவது கண்டதுண்டா என்று சக்கரவர்த்தி கேட்டார். பாரசீகக் குடாவின் முத்துக்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, இவற்றுக்கு அவை உறை போடக் காணாது என்றார் பதூதா. உண்மையோ முகஸ்துதியோ, முத்துக்கள் கைமாறின. வேறென்ன வேண்டும், கூச்சப்படாமல் கேள் என்றார் சக்கரவர்த்தி. பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்றார் இவர். பல்லக்கு, யோகிகள், பிராமணர்கள், சாமான் சுமக்க ஆட்கள், எல்லாம் வந்து நின்றன. ஒரு தீவு முழுக்க ஆணையிட்டும் நடக்காத காரியம், எதிரே உட்கார்ந்து கதைத்ததில் 3 நாளில் நடந்தது.

பிறகு வந்த ஒல்லாந்தரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கற்பிட்டியில் கோட்டை கட்டினார்கள், பறையடித்துக் கட்டளை வாசித்தார்கள். அதே கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி நேர்மாறு. 1834இல் அவர் அச்சிட்ட இலங்கை கசற்றியரில் ஊர் ஊராக விபரம் கிடக்கிறது. நாலு பேரிடம் வாய்விட்டு விசாரிக்காமல் அப்படி ஒரு புத்தகம் எழுத முடியாது.

கடைசியாக வந்தது ஒரு குரல். அமெரிக்காவின் குரல் என்ற வானொலி. 1951இலிருந்தே இலங்கையில் ஓர் ஓரமாக ஒலித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தொண்டையைப் பெரிதாக்கும் ஆசை வந்து, சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலவில் காணி பார்த்தார்கள். டில்லிக்குச் சந்தேகம். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்களிலேயே, அந்நிய ஒலிபரப்பு நிலையங்கள் ராணுவத்துக்கும் உளவுக்கும் பயன்படக் கூடாது என்று ஒரு வாசகம் ஏறியது. இரு தலைவர்கள் இதைக் கதைத்து முடித்தார்கள். இரணவில மீனவரிடம் ஒருவரும் கதைத்ததாகத் தெரியவில்லை. நிலம் போகும், கடல் போகும், வானொலி அலையால் உடம்பும் போகும் என்று அஞ்சிய கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பங்கள் தெருவில் இறங்கின. கோபுரங்கள் எழும்பத்தான் செய்தன.

அந்தக் கோபுரங்கள் அனுப்பிய சிற்றலையின் சுபாவம் விசித்திரமானது. வானத்தில் பட்டுத் தெறித்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால்தான் விழும், நடுவில் இருப்பவர்களின் தலைக்கு மேலால் தாண்டிவிடும். ஆசியாவின் எங்கோ ஒரு மூலைக்குச் சுதந்திரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த கோபுரத்துக்கு, அடியில் வலை பொத்துகிறவனிடம் சொல்ல ஒன்றுமில்லை.

சிலாபத்துக்கு வடக்கே உடப்பில் கரைவலை இழுக்கிறதைப் பார்த்தால் வேறு விதமான ஒலிபரப்புத் தெரியும். கயிற்றைப் பிடித்து, குதிக்காலை மணலில் புதைத்து, பின்பக்கமாகச் சாய்ந்து நிற்பார்கள். ஒருவர் அம்பாப் பாட்டெடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். பதிலோடுதான் இழுவை. பாடுகிறவருக்கு எவ்வளவு நல்ல குரல் இருந்தாலும், பதில் வராவிட்டால் வலையின் மடி கடலுக்குள்ளேயே கிடக்கும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சிற்றலைக்குக் கேட்பார் குறைய, 2016இல் இரணவில ஒலிபரப்பை நிறுத்தி இடத்தை இலங்கை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 2020இல் கொரோனா வந்தபோது அந்தக் கட்டடம் ஆஸ்பத்திரியானது. எங்கே நோகுது என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கிற வேலை அங்கே அப்போதுதான் ஆரம்பித்தது.