அடுத்தவர் பிறந்தநாளை எண்ணும் விமானி

டெல்டா, யுனைட்டெட், அமெரிக்கன் ஆகிய மூன்று பெரிய அமெரிக்க விமான நிறுவனங்களுள் எதில் சேர்ந்தால் ஓய்வு பெறும் நாள்வரை சுகமாக இருக்கலாம் என்று ஓயாமல் கணக்குப் போடும் துணை விமானி, பெரும்பாலும் அம்மூன்றில் ஒன்றின் வண்ணத்தைப் பூசிக்கொண்டு பறக்கும் வட்டார நிறுவனமொன்றில், 76 இருக்கை கொண்ட எம்ப்ரேயரின் வலப்புற இருக்கையில் காணப்படுவார். விமானம் 10,000 அடியைக் கடந்ததும் அவர் தொண்டையைச் செருமும் ஓசையே அவரை அடையாளம் காட்டிவிடும். அந்த உயரத்துக்குக் கீழே பறத்தலுக்குத் தொடர்பில்லாத எதையும் விமானி அறையில் பேசலாகாது என்பது 1981 முதல் இருந்துவரும் விதி. கவனச் சிதறலைத் தடுக்கவே அது இயற்றப்பட்டதென்றாலும், இவருக்கு இடப்புறம் அமர நேர்ந்த தலைமை விமானிகள் அதை இயற்றியவர்களின் கருணை உள்ளத்தை வாழ்த்தாத நாளில்லை.

அவர் பேச்சு முழுவதும் ஓர் எண்ணைச் சுற்றியே வரும். பணிமூப்பு எண் எனப்படும் அது, வேலையில் சேர்ந்த வரிசைப்படி ஒவ்வொரு விமானிக்கும் தரப்படுவது. எந்த ஊர் தளம், எந்த வகை விமானம், எப்போது தலைமை விமானி, கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் சாப்பாடா விடுதி அறையில் ஆறிப்போன சாண்ட்விச்சா என்பனவெல்லாம் பெரும்பாலும் திறமையைப் பார்த்தல்ல, அந்த எண்ணைப் பார்த்தே முடிவாகின்றன. நிறுவனம் மாறினால் 20 ஆண்டு அனுபவமும் செல்லாக்காசாகிவிடும். பட்டியலின் அடியிலிருந்துதான் மறுபடி ஏற வேண்டும். எனவே அவருடைய கவலையைக் குறை சொல்ல வழியில்லை, அதைத் தீர்த்துக்கொள்ள அவர் கண்ட வழிதான் சற்று விபரீதமானது.

பட்டியலில் மேலே போக வேண்டுமானால் மேலே இருப்பவர்கள் போக வேண்டும். அவர்கள் போவது 65 வயதில். 60ஆக இருந்த அந்த வரம்பு 2007 டிசம்பரில் உயர்த்தப்பட்டது. இந்த ஒரு சட்டத்தைப் பற்றிக்கொண்டு, மூன்று நிறுவனங்களிலும் எவ்வாண்டு எத்தனை பேர் 65ஐ எட்டுவார்கள் என்று எக்செல் தாளில் நிரப்பி, தமக்கு 52 வயதாகும்போது எந்தப் பட்டியலில் எத்தனையாவது ஆளாக இருப்போம் என்பதைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை அவர் அறிந்து வைத்திருக்கிறார். நரைத்த தலையைக் கண்டால் பிறருக்கு மரியாதை தோன்றும், இவருக்கு ஆண்டுக் கணக்குத் தோன்றும். மூத்த விமானியின் கடைசிப் பறப்பு முடிந்து, தீயணைப்பு வண்டிகள் இருபுறமும் நீரைப் பீய்ச்சி வளைவமைத்து அவரை வழியனுப்பும்போது குடும்பத்தார் கண்கலங்கி நிற்க, இவர் கைப்பேசியை எடுத்து ஏதோவொரு கட்டத்தில் ஒன்றைக் கழித்துக்கொள்வார். 40ஐக் கடந்த தலைமை விமானிகள் ஆறு மாதத்துக்கொருமுறை மருத்துவச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், அவர்களுடைய சர்க்கரை அளவைக்கூட இவர் மிகுந்த பாசத்தோடு விசாரிப்பதுண்டு.

ஓய்வு வயதை 67 ஆக்கும் ஏற்பாடு 2023இல் நாடாளுமன்றத்தின் கீழவையில் நிறைவேறிய மசோதாவில் இடம்பெற்றபோது, முதுமையில் பார்வை மங்குவது குறித்தும் பயணிகளின் உயிர் குறித்தும் இவர் கொண்ட அக்கறைக்கு அளவில்லை; 2024 மே மாதம் வந்த சட்டத்தில் அது விடுபட்டதும் அந்த அக்கறையும் தணிந்தது. தமக்கு 64 வயதாகும்போது அனுபவத்தின் அருமை பற்றி அவர் ஆற்றப்போகும் உரையை இப்போதே எழுதி வைத்துவிடலாம்.

அந்த எக்செல் தாளை விமானி அறையில் திறக்க இயலாது. 2009 அக்டோபரில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் விமானமொன்று மினியாபொலிஸில் இறங்க வேண்டியது, அந்நகரைத் தாண்டி நூறு மைலுக்கு மேல் பறந்துபோயிற்று. டெல்டாவுடன் இணைந்தபின் வந்த புதிய பணி ஒதுக்கீட்டு முறையை மடிக்கணினியில் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை என்றனர் விமானிகள் இருவரும். பின்னர் இத்தகைய சொந்தப் பயன்பாடு விதியாலேயே தடைசெய்யப்பட்டது. ஆயினும் பயனில்லை, அவர் தாளை மனப்பாடம் செய்துவிட்டார்.

காதலர் தினத்தன்று டெல்டா தரும் இலாபப் பங்கு, யுனைட்டெட்டின் வெளிநாட்டுத் தடங்கள் ஆகியவற்றுக்கும் அவரிடம் தனித்தனி மதிப்பெண்கள் உண்டு. மனைவி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வேலைக்குக் காரில் போய்வரும் தூரத்தில் தளம் அமையுமா, அல்லது விமானமேறி வேலைக்குப் போய் நான்கைந்து பேரோடு வாடகை அறையில் படுத்துக் கிடக்க வேண்டுமா என்பது. வாழ்க்கையை உண்மையில் தீர்மானிக்கும் அந்தக் கேள்விக்குத் தாளில் ஒரு கட்டமும் இல்லை.

இத்தனை கணக்கும் அச்சத்தால் விளைவது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒருகாலத்தில் எல்லாரும் கனவு கண்ட பான் ஆம் 1991இல் மூடப்பட்டது. 2001இல் டிடபிள்யூஏவை அமெரிக்கன் வாங்கியபோது, பல்லாண்டு பறந்த விமானிகளுள் பெரும்பகுதியினர் பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டனர். 2000இல் தொழிலிலேயே உயர்ந்த ஊதிய ஒப்பந்தம் பெற்றவர்கள் யுனைட்டெட் விமானிகள். 2002 டிசம்பரில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது, 2005இல் அவர்களுடைய ஓய்வூதியத் திட்டமும் போயிற்று. அதே 2005இல் டெல்டாவும் 2011இல் அமெரிக்கனும் நீதிமன்றப் படியேறின. முப்பது ஆண்டுக் கணக்கில் இவற்றையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அவருடைய தாளில் பிறந்தநாள்கள் மட்டுமே தவறாமல் வருகின்றன என்பதால் அவற்றையே அவர் பற்றிக்கொண்டிருக்கிறார் போலும்.

ஆனால் இரக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு நிறுவனம் அழைத்தும், மற்றொன்றின் அழைப்பு வரட்டுமென்று பயிற்சி வகுப்பில் சேரும் தேதியை அவர் இருமுறை தள்ளிப்போட்டார். அவ்விரு வகுப்புகளிலும் கணக்கு எதுவும் பார்க்காமல் போய் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும், அவர் இனி எப்போது சேர்ந்தாலும், அந்நிறுவனப் பட்டியலில் அவருக்கு மேலேயே இருப்பார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அவரைவிட வயதில் இளையவர்கள். அவருக்கு 65 ஆகும் நாளிலும் அவர்களுக்கு 65 ஆகியிருக்காது.