சிங்கப்பூர் – நியூயார்க் வான்வழிச் சூத்திரமும் பேருரையும்

சூத்திரம்:

குறுவழி வேறே; விரைவழி வேறே;
செல்வழி வருவழி இரண்டும் கிழக்கே.

உரை: இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம், போய்ச்சேர எத்தனை மணி நேரம் என்பார்க்கு விடை கூறுதல் நுதலிற்று.

இவ்வழியே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபர் முதல் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தை இடையில் நிறுத்தாமல் ஓட்டுகிறது. அது முதலில் இறங்கிய நியூவார்க், நியூஜெர்சியில் உள்ளது. ஆதலின் அது நியூயார்க் ஆகாதென்பார் உளர். அங்கிருந்து நியூயார்க் அருகே என்று அவர்க்கு டாக்சிக்காரர் விளக்குவார். நியூயார்க்கிலேயே உள்ள கென்னடி விமான நிலையத்துக்குச் சேவை தொடங்கியது 2020 நவம்பரில்.

‘குறுவழி வேறே’: சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகை, நியூயார்க் மேற்கு 74. கூட்ட 178. இன்னும் இரண்டு பாகை இருந்தால் இரண்டூரும் நேரெதிர்த் தீர்க்கரேகைகளில் நிற்கும். எனவே மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிச் செல்லும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 89 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49, ஆக 138. பாகைக்கு 111 கி.மீ. வீதம் பெருக்கினால் ஏறத்தாழ 15,300 கி.மீ. வருவது காண்க. தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தாரை இவ்வுரை மன்னிக்கும், பூமி மன்னியாது.

‘விரைவழி வேறே’: சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம், குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தைத் தாண்டுவதும் உண்டு. அது பின்னின்று தள்ளினால், சுற்றிப் போனாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். ஆகவே விமானி துருவத்தை விட்டுப் பசிபிக் கடலைப் பிடிப்பார்.

‘செல்வழி வருவழி இரண்டும் கிழக்கே’: திரும்புங்காலும் பல நாள் அதே காற்றை நம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா மேலாக வருவர். அன்று பயணி உலகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அவரை ‘திரும்பி வந்தார்’ என்றல் வழு. வழக்குப் பற்றி வழுவமைதியாகக் கொள்க.

தடை: பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, மேலெழும்பிச் சும்மா நின்றால் மேற்கிலுள்ள ஊர் தானே அடியில் வாராதோ எனின்,

விடை: வாராது. காற்றும் அதில் எழும்பியதும் பூமியோடு சேர்ந்தே சுழலும். அன்றெனில் சிங்கப்பூர் மொட்டைமாடியில் குதித்தவர் பக்கத்துத் தெருவில் விழுவார்.

இனி, நேரம். அட்டவணைப்படி 18 மணி நேரத்துக்கு மேல். ஆயினும் நியூயார்க்கின் கோடையில் இரண்டூர்க்கும் வேறுபாடு சரியாக 12 மணி. நண்பகலில் புறப்பட்டு 18 மணி 45 நிமிடம் பறந்தவர் அன்றே மாலை 6.45க்கு இறங்குவார். கைக்கடிகார முள்ளைத் திருகவும் வேண்டாம். முதுகுவலி மட்டும் முழுக் கணக்கையும் ஒப்பிக்கும்.

முடிவு: தூரம் கேட்பார்க்கு 15,300 கி.மீ. என்க, நேரம் கேட்பார்க்கு அன்றைய காற்றைக் கேள் என்க. மேற்சொன்ன யுஎல்ஆர் விமானத்தில் எகானமி வகுப்பு இல்லை. ஆதலின் நம்மில் பெரும்பாலோர்க்கு இவ்வாராய்ச்சி கற்று இன்புறுதற்கே உரியது, பயன்கொள்ளற்கு அன்று.