விடியற்காலைத் தூசி

தெருப் பெருக்குகிறவருக்கு இருமல் வந்தால் அது யார் வீட்டுச் செலவு என்று சென்ற இதழில் ஒரு வரி கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பகுதி அதற்கே. எனவே இந்த வாரம் முழுக்க அந்த ஒரே விஷயம்தான். சினிமா, அரசியல் கேட்ட நண்பர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

வாசகர் ஒருவர், அண்ணா நகர்: காலை நடைப்பயிற்சியில் தெருப் பெருக்கும் இடம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிவிடுகிறேன். தினமும் அதிலேயே நிற்பவர்களுக்கு அது பழகிவிடும், இல்லையா?

பழகுவது மூக்கு. நுரையீரல் பழகாது, சேர்த்து வைக்கும். நீங்கள் அந்தத் தூசியில் இருப்பது பத்து விநாடி. அங்கே பெருக்கும் அம்மா இருப்பது ஒரு ஷிப்ட் முழுக்க. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கும். குனிந்து நிமிர்ந்து உழைக்கும்போது அது நான்கைந்து மடங்காகிவிடும். இருவரும் நிற்பது ஒரே தெருவில்தான், ஆனால் அவர் நெஞ்சுக்குள் போகும் தூசியின் கணக்கே வேறு.

அது வெறும் மண்ணும் இல்லை. டயர் தேய்ந்த பொடி, பிரேக் தேய்ந்த பொடி, காய்ந்த எச்சில், காய்ந்த நாய்க் கழிவு, வீடு கட்டுகிறவர் தெருவில் கொட்டிவைத்த சிமென்ட், எம்-சாண்ட் எல்லாம் அதில் உண்டு. பெரிய துகளை மூக்கே பிடித்துவிடும். 10 மைக்ரானுக்குக் கீழே இருப்பவை மூச்சுக்குழல் வரை இறங்கும். 2.5 மைக்ரானுக்குக் கீழே, அதாவது தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு, என்றால் கடைக்கோடிக் காற்றறை வரை போகும். கல்லை அரைத்த தூளில் இருக்கும் சிலிக்கா அங்கே தங்கிவிட்டால் தழும்பாகும். அப்படிப்பட்ட நுரையீரலில் காசநோயும் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும்.

பெண் பணியாளர், பெரம்பூர்: வேலை முடிந்ததும் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் உள்ளே போன தூசி இறங்கிவிடும் என்கிறார் எங்கள் மேஸ்திரி. உண்மையா?

இல்லை அம்மா. வெல்லம் போவது இரைப்பைக்கு, தூசி போவது நுரையீரலுக்கு. தொண்டையிலேயே பாதை பிரிந்துவிடுகிறது. களைப்புக்கு வெல்லம் நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் மாஸ்க்குக்குப் பதில் வெல்லம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

ஒரு மகள், புளியந்தோப்பு: அம்மா 19 வருடமாகத் தெருப் பெருக்குகிறார். பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. இப்போது இரண்டாவது மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறார். எக்ஸ்ரே எடுத்தோம், "ஒன்றுமில்லை" என்றார்கள். நான் என்ன செய்ய?

முதலில் சிரப்பை நிறுத்துங்கள். அது இருமலை அடக்கும், நோயை மறைக்கும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. மூச்சுக்குழல் சுருங்கும் நோய்கள் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பிடிபடுவதில்லை. அதற்கு ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை வேண்டும். நெஞ்சு நிறைய இழுத்து, ஒரு குழாயில் வேகமாக, கடைசிவரை ஊத வேண்டும். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதை மொத்தத்தோடு ஒப்பிடுவார்கள். மருந்து கொடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குழல் அடைபட்டிருக்கிறது என்று பொருள். சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட அடைப்பு நோய் புகை பிடிப்பவருக்கு மட்டும்தான் வரும் என்பது பழைய எண்ணம். தூசியும் விறகடுப்புப் புகையும் போதும்.

இரண்டாவது, அம்மாவிடம் கேளுங்கள்: வாராந்தர லீவு நாளிலோ, ஊருக்குப் போய் நான்கு நாள் தங்கும்போதோ மூச்சு லேசாகிறதா, திரும்பி வந்து விளக்குமாற்றைத் தொட்டதும் மறுபடி நெஞ்சு கட்டுகிறதா? ஆம் என்றால் வேலையிலிருந்து வந்த ஆஸ்துமாவாக இருக்கலாம். இந்த ஒரு தகவல் டாக்டருக்கு மிகவும் பயன்படும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "தூய்மைப் பணி, 19 வருடம், தினமும் தூசி." சீட்டில் அதை எழுதச் சொல்லுங்கள். ஏன் என்பதைக் கீழே இன்னொரு கடிதத்துக்கான பதிலில் சொல்கிறேன்.

மூன்றாவது, இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் சளிப் பரிசோதனையும் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ச் சோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது. உங்களுக்குத் தாம்பரம் சானடோரியம் தூரம்தான். ஆனாலும் ஒருமுறை போய்வரத் தகுந்த இடம். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது, இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக இருக்கிறது. பக்கத்திலேயே என்றால் ஸ்டான்லி.

இன்ஹேலர் கொடுத்தால் பயப்பட வேண்டாம். "பம்ப் பிடித்தால் அடிமையாகிவிடுவோம்" என்று வீதிக்கு ஒருவர் சொல்வார். மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டு நெஞ்சுக்கு வரும். பம்ப் நேரே நெஞ்சுக்குப் போகும், அதனால் அளவும் குறைவு.

நான் டாக்டர் இல்லை, எழுதுகிறவன். இந்த வாரமே அழைத்துப் போங்கள் என்று மட்டும் உங்கள் அண்ணன் ஸ்தானத்தில் நின்று சொல்கிறேன்.

மேற்பார்வையாளர், வேளச்சேரி: மாஸ்க் கொடுக்கிறோம் சார். அவர்கள்தான் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். யார் தப்பு?

மே மாதம் காலை பத்து மணிக்கு ஒரு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு குப்பை வண்டியை நீங்கள் ஒரு மணி நேரம் தள்ளுங்கள். வியர்வையில் நனைந்த துணி மூக்கோடு ஒட்டும்போது கை தானாகக் கழற்றும். அதைத் தப்பு என்று நான் எழுத மாட்டேன்.

எந்த மாஸ்க் என்பதும் கேள்வி. துணி மாஸ்க்கும் முந்தானையும் கண்ணுக்குத் தெரியும் தூசியைத் தடுக்கும், தெரியாததை விட்டுவிடும். என்-95 நுண்துகளில் 95 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் முகத்தோடு இடைவெளி இல்லாமல் படிய வேண்டும், நனைந்தால் மாற்ற வேண்டும். மாதத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்தால் அது பயன்படாது.

2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சீருடை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, மாஸ்க் எல்லாவற்றையும் பணியாளருக்குக் கிடைக்கச் செய்யும் பொறுப்பை உள்ளாட்சியின் மேல் வைத்தன. அதோடு, தொழில் மருத்துவத்தில் மாஸ்க் கடைசி வேலி. அதற்கு முன்னால் செய்யவேண்டியவை உங்கள் கையில் இருக்கின்றன: பெருக்கும் முன் தண்ணீர் தெளிப்பது, மூடிய வண்டி, நீளக் கழி போட்ட துடைப்பம். கழி நீண்டால் முகம் தூசியிலிருந்து விலகும், முதுகும் பிழைக்கும். நாலு குடம் தண்ணீர் தெளித்த தெருவில் என்ன கிளம்புகிறது, தெளிக்காத தெருவில் என்ன கிளம்புகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள்.

குப்பை லாரிப் பணியாளர், கொடுங்கையூர்: லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று சாயங்காலம் குளிர்காய்ச்சல், உடம்பு வலி. விடிந்தால் சரியாகிவிடுகிறது. வெயிலா?

வெயிலாக இல்லாமலும் இருக்கலாம், தோழர். இரண்டு நாள் ஊறிய குப்பையைத் திறந்து கொட்டும்போது பூஞ்சை வித்துகளும் பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகளும் பறக்கும். மொத்தமாக உள்ளே போனால் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல் அடிக்கும். இடைவெளி விட்டுத் திரும்பும் முதல் நாளில் அதிகமாகத் தெரியும். பஞ்சாலைத் தொழிலாளர்கள் இப்படித்தான் ஒன்றை "திங்கட்கிழமைக் காய்ச்சல்" என்று சொல்லி வந்தார்கள். அடிக்கடி வருகிறது என்றால் தேதியோடு குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். விட்டுவிட்டால் நுரையீரல் தடித்துப்போகும் நிலைக்கும் சிலரைக் கொண்டுபோகும்.

பள்ளிக் கழிவறைப் பணியாளர், ஆவடி: கறை போக ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். கண் எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது.

இன்றோடு நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் மனிதர்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. ஒரு நாள் ஒன்று, நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பின் மற்றொரு நாள் மற்றது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இந்தப் பதிலைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள்.

பிரமுகர் வருகிறார் என்றால் சாலையோரம் வெறுங்கையால் பிளீச்சிங் தூவுகிறோமே, அந்த வெள்ளைக் கோடும் தூவுகிறவரின் மூச்சுக்குழலை எரிக்கிறது. சாலை அழகுக்காக அதைப் போடுவதை விட்டே விடலாம்.

கல்லூரி மாணவர், தாம்பரம்: நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு சாக்கடைக் குழிக்குள் இறங்கினால் ஆபத்தில்லையா?

இறங்கவே கூடாது. என்-95 துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. குழிக்குள் இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே செத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில் ஆள் விழுவார். மீத்தேன் ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்யும். முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கிய அண்ணனும் மகனும் சேர்ந்து சாவது இதனால்தான்.

2013-ன் சட்டம் இதைத் தடுக்கிறது. 2014-ல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது, 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்குவதை நிறுத்தச் சொன்னது. உங்கள் தெருவில் யாராவது இறங்கினால் 14420 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

குழிச்சாவு ஒரு நாளாவது செய்தியாகிறது. இருபது வருடம் மூச்சு தேய்ந்து ஐம்பதில் வீட்டோடு முடங்கிய பெருக்குகிறவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. என் கோபம் அங்கேதான்.

இல்லத்தரசி, மயிலாப்பூர்: போகிக்குப் பழைய பாய் மட்டும் கொளுத்தினால்?

அந்தச் சாம்பலை மறுநாள் கூட்டுகிறவர் வீட்டிலும் பொங்கல்தான். கொளுத்தாமல் கட்டி வெளியே வையுங்கள். பிளாஸ்டிக், டயர் பேச்சே வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் அமில வாயு வரும், டையாக்சினும் வரும். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். கிடங்கில் வேலை செய்தவர்களுக்குச் சாத்த ஜன்னல் இல்லை.

தொழிற்சங்கத் தோழர், ராயபுரம்: "தொழில்சார் நோய்" என்று அரசு அறிவித்துவிட்டதே, இனிக் கவலை இல்லை என்கிறார்கள். அப்படியா?

அறிவிப்பு எப்படி வந்தது என்பதை மறக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் 13 நாள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். மறுநாள், ஆகஸ்ட் 14-ல், அமைச்சரவை முடிவுகள் வந்தன. குப்பையைக் கையாளுவதால் வரும் நுரையீரல், தோல் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தரத் தனித் திட்டம் என்பது அவற்றில் ஒன்று. நல்ல முடிவு, வரவேற்கிறேன்.

ஆனால் நோய் வேலையால் வந்தது என்று காட்ட ஒரு தொடக்கக் கணக்கு வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று ஓர் ஊதும் சோதனை, பிறகு வருடத்துக்கு ஒன்று. முதல் வருடம் இவ்வளவு ஊதினார், பத்தாவது வருடம் இவ்வளவுதான் என்ற தாள் கையில் இருந்தால் எந்த அதிகாரியும் "வயசாகிவிட்டது, வீட்டு அடுப்புப் புகை" என்று தள்ள முடியாது. பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே சிலிகோசிஸும் தொழில்வழி ஆஸ்துமாவும் இருந்தன. இல்லாதது தாள்தான். புளியந்தோப்பு மகளைச் சீட்டில் வேலையை எழுதச் சொன்னது இதற்காக.

கான்ட்ராக்ட் மாறினால் மஸ்டர் பதிவேடு மாறுகிறது, பத்து வருடம் வேலை செய்தவர் புது ஆளாகிவிடுகிறார். மருத்துவப் பதிவு ஒப்பந்தக்காரரிடம் இருக்கக் கூடாது, பணியாளர் கையில் ஒரு நகல் இருக்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் கூலிக்கு அடுத்த வரியாக இதை எழுதுங்கள்.

ஆறாம் வகுப்பு மாணவி, மதுரை: எங்கள் தெரு அக்காவுக்கு நான் என்ன செய்யலாம்?

கண்ணம்மா, வீட்டில் ஈரக் குப்பையையும் காய்ந்த குப்பையையும் தனியாக வைக்கச் சொல். அழுகியதைக் கையால் பிரிக்கிற வேலை அக்காவுக்குக் குறையும். அடுப்புச் சாம்பலை நனைத்து, கட்டிக் கொடு. வாசலில் தண்ணீர் தெளிப்பதை அக்கா பெருக்க வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பிறகு ஒன்று கேள்: "அக்கா, குழாயில் ஊதச் சொல்லி உங்களுக்கு எப்போதாவது சோதனை செய்தார்களா?" இந்தப் பக்கத்தைப் படிக்கும் பெரியவர்களும் அவரவர் தெருவில் இதையே கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் எனக்கு எழுதுங்கள். தெருப் பெயரும் வார்டு எண்ணும் போதும். அவர் பெயர் வேண்டாம், வேலைக்கு ஆபத்து.