தொடாத ஆய்வகத்துக்குக் கட்டணம்

கேள்வி: கொரோனாவில் கல்லூரியே பூட்டிக் கிடந்தது. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்ட மாணவர்களுக்கு ஏதாவது கிடைத்ததா?
- கல்லூரி மாணவி, திலக் நகர், செம்பூர், மும்பை

பதில்: விலகியவர்களுக்கு வழி பிறந்தது. முதலாண்டுச் சேர்க்கையை 2020 நவம்பர் 30க்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் தரவேண்டும், டிசம்பர் 31 வரை என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்றது பல்கலைக்கழக மானியக் குழு. ஊரடங்கில் வேலை பறிபோன வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல்.

விலகாமல் செல்போனில் பாடம் கேட்டவர்கள்தான் பாவம். ஆசிரியர் பாடம் நடத்தினார், அதற்குக் கட்டணம் சரி. வாசலையே மிதிக்காத பிள்ளையிடம் ஆய்வகத்துக்கும் ஜிம்கானாவுக்கும் சேர்த்து ரசீது நீட்டியது எந்த ஊர் நியாயம்?

2021இல் மகாராஷ்டிர அரசு, பெற்றோரைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்த மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை அறிவித்தது. அதே ஆண்டு அமெரிக்காவில், கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு மாணவர்கள் வழக்குப் போட்ட பிறகு, கொலம்பியா பல்கலைக்கழகம் 1.25 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது.