பால் வேண்டாம் என்றால் பஞ்சாயத்து!

கேள்வி: நான் வீகன். விருந்துக்குப் போனால், "பால்கூடவா கூடாது? பசுவுக்கு என்ன வலிக்கவா போகிறது?" என்று மாமா பிடித்துக்கொள்கிறார். என்ன சொல்வது?
- ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: மாமா கையில் கோழிக்கால் இருக்கும்போது கோழிக்காக வாதாடாதீர்கள், வழக்கு தோற்றுவிடும்! கை கழுவி வரட்டும். பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். பெரிய பால் பண்ணைகளில் கன்றைப் பிறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து பிரிப்பது வழக்கம். இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், மாமா யோசிக்கட்டும்.

கொல்லாமையை வள்ளலாரைவிட அழுத்தமாகச் சொன்னவர் யார்? அவரே 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கியபோது, புலால் உண்பவருக்கும் பசியாற்றச் சொன்னார். கொள்கை ஒருபுறம், பந்தி மறுபுறம். நம் பேச்சுக்கும் அந்த முறைதான் சரி.

சிங்கப்பூரில் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. காப்பிக்கடையில் "கோப்பி ஓ" என்றால் பாலில்லாமல் வருகிறது. எவரும் காரணம் கேட்பதில்லை. வீட்டிலும் அப்படியே இயல்பாகக் கேளுங்கள்.

அடுத்த விருந்தை நீங்களே வையுங்கள். இடியாப்பம், தேங்காய்ப்பால், நெய்யில்லாத சாம்பார், உளுந்து வடை. மாமா இரண்டாம் முறை வடை கேட்கும்வரை 'வீகன்' என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.