ஓட்டையியல்: ஸ்கேட் ஷூ குறித்து ஒரு முன்னாய்வு

பானை ஓட்டில் இருக்கும் கீறல் எழுத்தா, குறியீடா என்று நாம் பல பத்தாண்டுகளாக வாதாடி வருகிறோம். ஷூவில் விழும் ஓட்டையை மட்டும் இதுவரை யாரும் படித்துப் பார்த்ததில்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை. கருதுகோள் இது: உலகத்துக் காலணிகளுக்கெல்லாம் முதலில் வடிவம், பிறகு ஓட்டை. ஸ்கேட் ஷூவுக்கு மட்டும் முதலில் ஓட்டை, பிறகு வடிவம்.

மூலச்சான்று ஸ்கேட்போர்டு பலகையில் செய்யும் ‘ஆலி’ எனும் வித்தை. 1970களின் பிற்பகுதியில் ஃபுளோரிடாவின் ஸ்கேட்டர் ஆலன் கெல்ஃபாண்ட் கண்டது. சில ஆண்டுகளில் இன்னொரு ஸ்கேட்டர் ராட்னி மல்லன் அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தார். பின்காலால் பலகையின் வாலை ஓங்கித் தட்ட வேண்டும். பலகை எழும்பும்போதே முன்பாதத்தின் வெளிப்பக்கத்தை அதன்மேல் உரசி இழுத்துக்கொண்டு தாவ வேண்டும். பலகையின் முதுகில் ஒட்டியிருப்பதோ உப்புத்தாள். ஆசாரி கதவுக்குத் தேய்ப்பாரே, அதே குலம். ஒரு பையன் ஒரு மாலையில் நூறு ஆலி அடித்தால் கான்வாஸ் துணி எத்தனை நாள் தாங்கும்? சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் முதல் ஓட்டை திறக்கும். அடுத்துக் கயிறு அறும். இடதுகாலை முன்வைப்பவனுக்கு இடது ஷூ, வலதுகாலை முன்வைப்பவனுக்கு வலது. ஜோடியில் ஒன்று கந்தல், மற்றது புதுமாப்பிள்ளை.

இனி வரலாறு. 1966 மார்ச் 16 அன்று கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் பால் வான் டோரனும் கூட்டாளிகளும் கடை திறந்தார்கள். பின்னாளில் வான்ஸ் என்று பெயர்பெற்றது அதுதான். முதல்நாள் 12 பேர் வாங்கினார்கள். காலையில் சொன்னால் பிற்பகலில் ஷூ தயார். கல்லாவில் சில்லறை இல்லை. சில்லறைக்குப் பதில் மிட்டாய் தரும் மரபு அங்கே எட்டவில்லை போலும், “எடுத்துப் போங்கள், பணம் நாளைக்குத் தாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அத்தனை பேரும் வந்து கொடுத்தார்கள் என்பது கடைவரலாறு. ரப்பர் அடிப்பாகத்தில் முதலில் இருந்தது வைர வடிவக் கட்டம் மட்டுமே. பாதம் மடங்கும் இடத்தில் அது விரிசல் விட்டது. அங்கே கோடுகள் சேர்த்தார்கள். இன்று ரசிகர்கள் ‘வாஃபிள்’ என்று கொண்டாடும் அடிப்பாகம் அந்த விரிசலின் வாரிசு.

இக்கடை செய்த பெரும்புரட்சி, ஒற்றை ஷூ விற்றது. ஒற்றைச் சிலம்பு விற்கப் போன கோவலனுக்கு மதுரையில் என்ன நேர்ந்தது என்பது தமிழ் படித்தவர் அறிவர். அனஹைமில் ஒற்றை ஷூ கேட்டுப் போன பையன் பத்திரமாக வீடு திரும்பினான். இரு நாகரிகங்களையும் ஒப்பிட்டு யாராவது முனைவர் பட்டம் வாங்கலாம்.

1976இல் ஸ்கேட்டர்கள் டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டா ஆகியோரின் யோசனையில் கணுக்காலைச் சுற்றி மெத்தை வைத்த ‘எரா’ வந்தது. மறுவருடம் வந்த ‘ஓல்டு ஸ்கூல்’ ஷூவில் தேயும் இடங்களுக்குத் தோல் போட்டார்கள். பக்கவாட்டில் ஓடும் அந்த வளைகோடு வான் டோரன் சும்மா கிறுக்கியது.

எனக்கு மிகப் பிடித்த சான்று ஸ்கேட்டர் ஸ்டீவ் கபாலெரோ. (இப்பெயர் கபாலியின் திரிபு என்று வேர்ச்சொல் ஆய்வாளரான நண்பர் ஒருவர் சாதிக்கிறார், இடமின்மையால் விடுகிறேன்.) 1989இல் வான்ஸிலிருந்து அவர் பெயரில் கணுக்காலை மூடும் உயர்ந்த ஷூ வெளிவந்தது. பையன்கள் வாங்கினார்கள், கத்தரியால் மேல்பாதியை வெட்டினார்கள், பிசின் நாடா ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். நிறுவனம் கோபித்துக்கொள்ளவில்லை. 1992இல் தானே வெட்டி விற்றது. பெயர் ‘ஹாஃப் கேப்’. பாதி ஷூ என்றும் கொள்ளலாம், கபாலெரோவின் சுழற்சி வித்தையில் பாதி என்றும் கொள்ளலாம். சிலேடைப் புலவர் காளமேகம் இருந்திருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார்.

பரவலுக்குக் காரணம் வேறு. 1982இல் ‘ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மாண்ட் ஹை’ படத்தில் ஷான் பென் கறுப்பு வெள்ளைக் கட்டம்போட்ட வான்ஸ் ஷூவால் தன் தலையிலேயே அடித்துக்கொள்வார். நம்மூரில் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொண்டால் பச்சாத்தாபம். அங்கே அது விற்பனை. ஆனாலும் எல்லா விளையாட்டுக்கும் ஷூ செய்யப் போய், 1984இல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி ஓசிரிஸ் எனும் வேறொரு நிறுவனத்தின் ‘டி3’ வந்தபோது ஷூ தலையணையாகவே உப்பியிருந்தது. காலுக்குப் பலகை எங்கே இருக்கிறதென்று தெரிய வேண்டாமா? சில வருடங்களில் மறுபடி இளைத்துவிட்டது.

களஆய்வுக்கு அக்கா மகனின் ஷூவை எடுத்தேன். “என்ன மாமா, ஷூவைப் போய் மோந்து பாக்குறீங்க?” என்றான். முகரவில்லை, வெளிப்பக்கத் தையலைப் பார்த்தேன். ஒரு நூல் பிரியவில்லை. ஓராண்டாக டியூஷனுக்குப் போட்டுப் போகிறான். தேய்ந்திருப்பது இரண்டு குதிகாலும், அதுவும் சமமாக. பலகைமேல் ஏறியதே இல்லையாம். அவன் நண்பர்கள் நால்வரின் ஷூவும் அப்படியே. தேயாத இடத்துக்குக் காசு கொடுத்துத் தோல் வாங்கியிருக்கிறார்கள்.

ஆகவே ஆய்வு பாதியில் நிற்கிறது. வெளிப்பக்கம் கிழிந்த ஒற்றை ஷூ, இடதோ வலதோ, யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். துவைக்காமல் அனுப்புங்கள். தபால் செலவு என்னுடையது.